எண்ணெய்ச் சூடாக்கி பழுதாகும் வரை காத்திருக்க வேண்டாம்



அகதிகளாக சுவிசுக்கு வந்து, வாடகை அறைகளில் வாழ்ந்து, பிறகு வங்கிக் கடனோடு பழைய வீடொன்றை வாங்கிய குடும்பங்கள் எங்களிடையே பல. அந்த வீடுகளில் அநேகமானவற்றின் நிலவறையில் ஓர் எண்ணெய்த் தாங்கியும் 20, 25 வயதான கொதிகலனும் இருக்கும். சூரிச் மாநிலத்திலுள்ள எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை நாங்கள் வெப்பப் பம்பாக மாற்றினோம். அதைப் பற்றிப் பலர் கேட்டதால் இந்தப் பேச்சு.

வேர்மபும்ப என்று இங்கே சொல்லும் இந்த இயந்திரம் புதுமையானதல்ல. சூரிச் நகரின் பழைய மன்றக் கட்டடத்தை 1938 இலேயே லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள். பிரிஜ்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பு வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் எண்ணெயில் சுமார் 10 கிலோவாற் மணி சக்தி உண்டு. வருடம் 2,000 லீற்றர் எரித்தால் 20,000. பழைய கொதிகலனில் புகையோடு போவது போக, வீட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 17,000. அதே வெப்பத்துக்குப் பம்புக்குத் தேவை சுமார் 5,700 கிலோவாற் மணி மின்சாரம். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். 2022 முதல் எண்ணெயின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறக்குறைய 32 ராப்பன் கார்பன் வரியும் சேர்ந்திருக்கிறது.

சூரிச் மாநிலத்தில் 2022 செப்ரெம்பர் முதல், பழுதான எண்ணெய்ச் சூடாக்கிக்குப் பதிலாக இன்னொன்றை நினைத்தபடி பூட்ட முடியாது. மாற்று வழியின் ஆயுட்காலச் செலவு 5 வீதத்துக்கு மேல் கூடாவிட்டால் மாற்று வழிக்கே போக வேண்டும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறுபடும்.

செலவு சிறியதல்ல. எங்களுக்கு வந்த விலைகளில் புதிய எண்ணெய்க் கொதிகலன் 20,000 பிராங்குக்குக் கிட்ட, பம்பு 40,000 க்கு மேல். வயதான அம்மா வீட்டில் இருக்கையில் தை மாதத்தில் கொதிகலன் நின்றால், விலை விசாரிக்கவோ உதவிப்பணம் கேட்கவோ நேரம் இராது. கிடைத்ததைப் பூட்டிக் கடன்படுவோம். ஆகவே, கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யவேண்டியவை இவை.

முதலாவது, கடுங்குளிர் நாளொன்றில் றேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 55 பாகைக்கு இறக்கி, எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். குளிக்கும் தண்ணீரின் சூட்டை மாற்ற வேண்டாம். இரண்டு நாட்கள் வீடு சூடாக இருந்தால், பழைய றேடியேற்றர்களே பெரும்பாலும் போதும். இருக்காவிட்டால் முதலில் கூரை, ஜன்னல் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது, மாநிலத்தின் சக்தி ஆலோசகரை அழையுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் மூன்று விலைகளாவது எடுங்கள். எங்களிடம் வந்த ஒருவர், பழைய வீட்டுக்குப் பம்பு சரிவராது என்று பார்க்காமலே சொன்னார். தாங்கியை அகற்றும் செலவும், வெளியே வைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கான அத்தாட்சியும் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, மிக முக்கியமானது. உதவிப்பண விண்ணப்பத்தை வேலை தொடங்கும் முன்பே அனுப்ப வேண்டும். தொடங்கிய பின் அனுப்பினால் கிடைக்காது. வரிக்கழிவையும் விசாரியுங்கள். சுயவாடகைப் பெறுமதி வரியை நீக்க 2025 செப்ரெம்பரில் மக்கள் வாக்களித்ததால் அந்தக் கழிவின் விதிகள் மாறவிருக்கின்றன.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து எரித்தவர்கள் நாங்கள். எரிபொருளுக்காக இன்னொருவர் கையைப் பார்த்திருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். கோடை வருமுன் கொதிகலனில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் வயதைப் பாருங்கள். 15 வருடத்தைத் தாண்டியிருந்தால் விசாரிக்கத் தொடங்குங்கள்.