மலைச் சரிவில் குடும்ப வீடு: கட்டுமுன் திரட்டவேண்டிய யோசனைகள்

குடியானவர் ஒருவர் தம் வாழ்நாளில் வீடு கட்டுவது பெரும்பாலும் ஒரு முறையே. விதையில் தவறு நேர்ந்தால் அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். வீட்டில் நேர்ந்த தவறோ பிள்ளைகள் காலம்வரை நிற்கும். கொடைக்கானலுக்கு வடக்கே, படிப்படியான வயல்களின் நடுவே அமைந்துள்ள வில்பட்டி போன்ற பழனிமலைக் கிராமங்களில் இவ்விஷயம் மேலும் முக்கியமானதாகும். இங்கே வீட்டுக்காக மண்ணை வெட்டினால், அதன் பலன் அவ்வீட்டோடு நிற்பதில்லை. கீழ்ப்படியிலுள்ள அயலாரின் வயலையும் ஓடையையும், சில சமயம் உயிரையும் தொடும். 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலைகளைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்தும், மண் சரிந்தும், பாதைகள் துண்டிக்கப்பட்டும் நேர்ந்த சேதத்தை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள்.

இக்காலத்தில் வீடு கட்ட உத்தேசிப்போர் முதலில் செய்வது அழகிய படங்களைத் திரட்டுவது. பருத்த மரத்தூண்கள், கல் பதித்த முகப்பு, சுவரளவு கண்ணாடிச் சன்னல் ஆகியவை அமைந்த நாட்டுப்புறப் பாங்கான வீடுகளின் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. படம் திரட்டுவது குற்றமன்று. ஆனால் படத்தில் மழை பெய்வதில்லை; பூண்டு மூட்டைகள் வந்து இறங்குவதுமில்லை. ஆகையால், படங்களைப் பார்க்குமுன் சொந்த நிலத்தையும், ஊரின் பழைய வீடுகளையும், குடும்பத்தின் வேலைகளையும் கவனித்து, அவை கற்பிப்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதே உத்தமம்.

நிலத்தை ஓர் ஆண்டு கவனித்தல்

மனையென்று கருதும் இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிக் குளிரிலும், சித்திரை வறட்சியிலும் ஒரு தடவையாவது சென்று பார்க்கவேண்டும். பெருமழை பெய்து ஓய்ந்தவுடன் தண்ணீர் எவ்வழியே ஓடுகிறது, எங்கே ஊற்றெடுக்கிறது என்பதைக் கண்டு முளையடித்து வைக்கவேண்டும். கோடையில் உலர்ந்து கிடக்கும் பள்ளம் மழைக்காலத்தில் ஓடையாகும். அதில் அஸ்திவாரம் இடலாகாது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்குவதால் உறைபனியும் அங்கேதான் அதிகம் படியும்.

கொடைக்கானல் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். ஆனியில் உச்சிக்குச் சற்று வடக்கே செல்லும். எனவே தென்புறத்துச் சன்னல் குளிர்காலத்தில் வெயிலை வீட்டுக்குள் விடும். கோடையில் சாதாரண இறவாரமே அதற்கு நிழல் தரும். தெற்கே மேடு உயர்ந்திருந்தால் இப்பயன் குறையும். அத்தகைய இடத்தில் மார்கழி வெயில் எத்தனை மணிக்கு விழுந்து எத்தனை மணிக்கு மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்வது அவசியம்.

படிக்கட்டு வயல்கள் பல தலைமுறைகளின் உழைப்பால் உண்டானவை. வளமான படியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கற்பாங்கான மூலையில் பூண்டு நடுவது விவேகமாகாது. கற்பாங்கான, உறுதியான இடமே மனைக்கு ஏற்றது. அகன்ற சதுர வீட்டைவிட, சரிவின் குறுக்கே நீண்டு ஒடுங்கிய வீட்டுக்கு மண் வெட்டும் வேலை குறைவு. வெட்டிய கரையை ஒட்டிப் பின்சுவரை எழுப்பலாகாது; இடையே ஆள் நடமாட இடமும், நீர் வடிய வாய்க்காலும் வேண்டும். தாங்குசுவரில் நீர் வெளியேறத் துளைகள் விடாவிட்டால், பின்னால் தேங்கும் நீரின் பாரமே சுவரைத் தள்ளிவிடும்.

பழைய வீடுகளிலிருந்து கற்பவை

இம்மலைகளின் பழைய வீடுகள் கல்லும் மண்ணும் கொண்டு தாழ்வாகக் கட்டப்பட்டவை. அவற்றுள் நன்றாக நிற்கும் நான்கைந்து வீடுகளுக்கு அளவு நாடாவுடன் சென்று, சுவரின் கனம், வாசலின் திசை, கூரையின் சரிவு, இறவாரத்தின் நீளம் ஆகியவற்றைக் குறிக்கலாம். மழையில் எந்தச் சுவர் நனைகிறது, எந்த அறையில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று வீட்டாரைக் கேட்கவேண்டும். அடுப்படியைப்பற்றி அங்குச் சமைக்கும் பெண்களிடமே விசாரிக்கவேண்டும். மீண்டும் கட்டினால் எதை மாற்றுவீர்கள் என்னும் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை பல படங்களுக்குச் சமமாகும்.

இம்முறை பெரிய நிபுணர் ஒருவர் கையாண்டதே. இங்கிலாந்தில் கட்டடக்கலை பயின்று, 1945-ல் இந்தியா வந்த லாரி பேக்கர், இமயமலையிலுள்ள பித்தோராகட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் கற்ற முறைகள் பயன்படாத இடத்தில், அங்குள்ள கிராமத்தார் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாளும் விதத்தைக் கவனித்துக் கற்றுக்கொண்டார். அருகிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்து அவரை வழிநடத்திற்று. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-ல் காலமாகும்வரை சிக்கனமான வீடுகளை ஏராளமாகக் கட்டினார்.

கொடைக்கானலின் பங்களாக்களும் பார்க்கத்தக்கவை. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்தோர் 1845-ல் முதல் இரண்டு பங்களாக்களை அங்குக் கட்டினர். பங்களாக்களின் புகைபோக்கியும் செங்குத்தான கூரையும் பின்பற்றத்தக்கவை. ஆனால் அவை சமவெளியின் வெப்பத்திலிருந்து ஓய்வுக்கு வந்தோரின் வீடுகள் என்பதை மறக்கலாகாது. அறுவடைக்கு இடம் தேடவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

வேலைக்கேற்ற அறைகள்

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பூண்டின் சிறப்புகளுள் ஒன்று நெடுநாள் கெடாமல் இருப்பது. அதற்குக் காற்றோட்டமும் உலர்ந்த இடமும் வேண்டும். புகையில் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் பூண்டுக்கு நன்மையே. அப்புகையை நாள்தோறும் சுவாசிக்கும் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் தீமை. ஆகையால் பரணை வசிக்கும் அறையினின்று பிரித்து, புகை கூரைவழியே வெளியேறும்படி அமைக்கவேண்டும். உருளைக்கிழங்குக்கு இருட்டும் காற்றும் வேண்டும்; வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு நச்சுத்தன்மை அடையும். பூச்சிமருந்துகளை வீட்டின் கூரைக்கீழ் வைத்தலே கூடாது. அவற்றுக்குப் பூட்டுள்ள தனியறை வேண்டும். ஈர உடையும் சேற்றுக் கால்களுமாக வருவோர் கழுவிக்கொள்ளப் பின்தாழ்வாரம் ஒன்று அமைப்பதும் நன்று.

கூரையும் சுவரும்

கொடைக்கானலில் ஆண்டு மழை சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் ஆகும். எனவே 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,60,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,28,000 லிட்டர் மிஞ்சும். அதற்குத் தூம்பும் தொட்டியும் அமைக்காவிடில், அதே நீர் சுவரடியை அரித்துக் கீழ்ப்படியில் இறங்கும். தொட்டியைச் சரிவின் விளிம்பில் வைக்காமல் உறுதியான தரையில் வைக்கவேண்டும். மங்களூர் ஓடு வேய்வதானால் கூரைச்சரிவு 30 பாகைக்குக் குறையாதிருத்தல் நலம். தகடு வேய்ந்தால் காற்றில் பெயராதபடி இறுகப் பிணைத்து, உட்புறம் பலகைத் தளம் அமைத்தால் குளிரும் மழையோசையும் குறையும்.

தரைமட்டத்துக்குமேல் இரண்டடிவரை கற்சுவர் எழுப்பினால் ஈரம் மேலேறுவது குறையும். அதன்மேல் செங்கல் வைப்போர், லாரி பேக்கர் பரவச் செய்த எலிப்பொறிக் கட்டைக் கவனிக்கலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி இடையே வெற்றிடம் விடும் இம்முறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் குளிரையும் தடுக்கும். சமவெளியிலிருந்து செங்கல் ஏற்றிவரும் கூலியை நினைத்தால் இது சிறு லாபமன்று. நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் சுடாத மண்கற்களும் உண்டு. எல்லா மண்ணும் அதற்கு உதவாது. கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் இட்டுக் குலுக்கி, மறுநாள் பார்த்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படிந்திருக்கும். அதைக்கொண்டு கொத்தனார் தகுதியை முதலில் அறியலாம். பயிர் விளையும் மேல்மண்ணை இதற்கு எடுக்கலாகாது.

அனுமதியும் அதிகாரிகளின் கடமையும்

மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் அமலில் உள்ளது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்டலாகாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் ஏற்பட்டது. கட்டட உயரத்துக்கும் விதிகள் வரம்பிட்டுள்ளன. ஆகவே கல்லும் மரமும் வாங்குமுன் வரைபடத்துக்கு அனுமதி பெறுவதே சிக்கனம். கிராம அதிகாரிகள் புலப்படத்தைக் கையிற் கொண்டு நேரில் வந்து, ஓடைப் புறம்போக்கின் எல்லையை முளையடித்துக் காட்டுவார்களாயின், பின்னாளில் எழும் வழக்குகளில் பல எழாமலே போகும்.

இவ்வளவும் திரட்டியபின், மனையில் கயிறு கட்டிச் சாம்பலால் அறைகளை உண்மையான அளவில் கோடிடவேண்டும். வீட்டார் அனைவரும் அதற்குள் நடந்து, அடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும், முற்றத்திலிருந்து பரணுக்கும் எத்தனை அடி என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதியவர் இரவில் எழுந்து செல்லும் வழியையும் நடந்து பார்க்கவேண்டும். சாம்பற் கோட்டை அழித்து மாற்றச் செலவில்லை. சுவரை இடித்து மாற்ற ஒரு போகத்தின் வருமானம் போதாது.