உங்களுக்குத் தெரியுமா? கட்டைவிரல் சொல்லும் அளவு

சிங்கப்பூரின் தேக்காவில், லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் எட்டாவது நிலையம் புவாங்கோக். அந்த வட்டாரத்திலுள்ள மனநலக் கழகத்தில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்புச் சிகிச்சை உண்டு. மயக்க மருந்து கிடையாது, கத்தியும் கிடையாது, பயமே வேண்டாம். தலையோடு ஒட்டிப் பிடித்த கம்பிச்சுருள் டக்டக்கென்று தட்டும். முதலில், கையை ஆட்டுவிக்கும் மூளைப்பகுதியின் மேல் அதை வைப்பார்கள். கட்டைவிரல் தானாகத் துள்ளும். அவரவருக்கு எவ்வளவு விசை என்பது அந்தத் துள்ளலில் தெரிந்துவிடும். பிறகு பெரும்பாலும் இடது நெற்றிப்பக்கம்.

இந்தக் கருவியை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு உருவாக்கியது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தில், 2018இல் பட்நாகர் விருது பெற்ற டாக்டர் கணேசன் வெங்கடசுப்ரமணியன் ஆராய்வது இன்னொரு வழி: மனச்சிதைவில் கேட்கும் மாயக்குரல்களைத் தணிக்க தலைமேல் 2 மில்லியாம்பியர் மின்சாரம், 20 நிமிடம்.