சம்பல் சரணடைவு முதல் சிவில் உரிமை அமைப்பு வரை: ஜெயப்பிரகாஷ் நாராயணின் பங்கு

மத்தியப் பிரதேசத்தின் ஜௌராவில் 1972 ஏப்ரலில் மோகர் சிங், மாதோ சிங் உள்ளிட்ட சம்பல் கொள்ளையர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைந்தனர். அவர்களுக்காக அரசுகளிடம் பேசியவர் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். முன்னதாக மாதோ சிங் மாறுவேடத்தில் பாட்னா சென்று அவரது உதவியைக் கோரியிருந்தார்.

அவர் பொதுமன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கு நடக்கட்டும், தண்டனையும் விதிக்கப்படட்டும், தூக்கு மட்டும் கூடாது என்பதே அவர் பெற்றுத்தந்த உறுதி. தண்டனை பெற்றோரில் பலர் முங்காவலி திறந்தவெளிச் சிறையில் வேளாண்மை செய்தனர்.

கொலை வழக்குகளைச் சுமந்தோருக்குக் கிடைத்த நீதிமன்ற விசாரணை, 3 ஆண்டுகளில் அவருக்கே மறுக்கப்பட்டது. நெருக்கடி நிலையையொட்டி 1975 ஜூன் 26 அதிகாலை டெல்லியில் கைதான அவர், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் நவம்பரில் விடுவிக்கப்பட்டார்.

தடுப்புக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை நாட முடியாது என 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு அக்டோபரில், டயாலிசிஸ் சிகிச்சைக்கிடையே, கட்சி சார்பற்ற சிவில் உரிமை அமைப்பை அவர் தொடங்கினார். முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே அதன் தலைவரானார். ஜெயப்பிரகாஷ் மறைந்த மறு ஆண்டு, 1980-இல், அது மக்கள் சிவில் உரிமைக் கழகமாகத் திருத்தியமைக்கப்பட்டது.