புஷ்பக் 634ஏ: ஓர் அறைக்குள் அடங்கிய அண்டவெளி

2020 ஒக்டோபர் கடைசி. கொழும்பை ஒட்டிய பேலியகொடை மீன் சந்தை மூடிக் கிடந்தது. நள்ளிரவு தாண்டியதும் லொறிச் சத்தமும், ஐஸ் கொட்டும் சத்தமும், விலை கூவும் குரல்களுமாக விழித்துக்கொள்ளும் இடம் அது. அன்று களனி கங்கை ஓடுவதுகூடக் கேட்கும் போலிருந்தது. சந்தையில் பரவிய கொரோனாத் தொற்றுக்குச் செய்திகளில் 'பேலியகொடை கொத்தணி' என்று பெயர். எங்களுக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. எனக்கு ஓர் அறை, ஒரு யன்னல், ஒரு மடிக்கணினி. அந்த அறையில் இருந்துகொண்டுதான் விண்கலம் ஒன்றில் தனியே வாழும் ஒருவனின் கதையைப் பார்த்தேன். படத்தின் பெயர் 'கார்கோ'.

ஆரத்தி கடவ் எழுதி இயக்கிய இந்திப் படம் இது. அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 2019இல் மும்பைத் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம், 2020 செப்டெம்பர் 9ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கையில் இருந்தது சிறிய முதல். அதை வைத்துக்கொண்டு அண்டவெளியைக் காட்ட வேண்டும். எப்படி முடிந்தது என்று தேடத் தொடங்கினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனது.

முதலில் கதை. புஷ்பக் 634ஏ என்ற விண்கலத்தில் பிரஹஸ்தன் என்ற ராட்சதன் எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கடமையில் இருக்கிறான். பூமியில் இறந்தவர்கள் 'சரக்கு' என்ற பெயரில் அவனிடம் வந்து சேர்கிறார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்ததை வாங்கி வைத்து, உடலைச் சீராக்கி, நினைவுகளை அழித்து, மறுபிறவிக்கு அனுப்பிவைப்பது அவன் வேலை. பிரஹஸ்தனாக விக்ராந்த் மாசி நடித்திருக்கிறார். உதவிக்கு வரும் யுவிஷ்காவாக ஸ்வேதா திரிபாதி.

இந்தப் பெயர்கள் நம் தீவுக்குத் தெரிந்தவை. புஷ்பக விமானம் குபேரனிடமிருந்து இராவணன் பறித்தது. பிரஹஸ்தன் இலங்கையின் சேனாதிபதி. பேலியகொடையில் இருந்து கொஞ்ச தூரம் போனால் களனி ரஜமகா விகாரை. அங்கே இராவணனின் தம்பி விபீஷணனுக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது, இன்றும் மக்கள் போய்க் கும்பிடுகிறார்கள். தம்பி ஆற்றங்கரையில் தெய்வமாக இருக்க, சேனாதிபதியை வானத்தில் தனியே கடமைக்கு அமர்த்தியிருக்கிறது இந்தப் படம். ஒரு பெயரை வைத்ததிலேயே இரண்டாயிரம் ஆண்டுக் கதை இலவசமாகக் கலத்துக்குள் ஏறிவிட்டது. சிக்கனத்தின் முதல் சூட்சுமம் இது.

இரண்டாவது சூட்சுமம், விண்வெளிப் பயணத்தை ஓர் அலுவலக வேலையாக மாற்றியது. அலுவலகத்துக்கு என்ன தேவை? ஒரு மேசை, சில பொத்தான்கள், மேலதிகாரியின் முகம் தெரிய ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. போர் இல்லை, வெடிப்பு இல்லை, வேற்றுக்கிரகத்துப் படை இல்லை. பளபளக்கும் தொடுதிரைகளுக்குப் பதில் திருகுகளும் விசைகளும். எழுபத்தைந்து ஆண்டுகளாக ஓடும் கலம் பழசாகத்தானே இருக்கும்! முதல் போதாத இடத்தைக் கதை தாங்கிப் பிடிக்கிறது.

இதே கொழும்பில் வாழ்ந்த ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வெளியானது. கலத்துக்குள் ஈர்ப்பு இருப்பதுபோல் காட்ட, சுமார் 12 மீற்றர் விட்டமுள்ள ஒரு சுழல் சக்கரத்தைப் படக்குழு கட்டியது. கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம், 30 தொன் எடை. செலவு ஏழரை இலட்சம் டொலர். நடிகர் எப்போதும் அடிப்பகுதியிலேயே நடப்பார். அவரைச் சுற்றி அறை உருளும். படத்தில் பார்த்தால் சுவரிலும் கூரையிலும் அவர் ஓடுவதுபோல் தெரியும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1974இல், ஜோன் கார்பென்டர் 'டார்க் ஸ்டார்' எடுத்தார். கலத்திலேயே இருபது ஆண்டுகளாகச் சலித்துப்போன நான்கு பேரின் கதை. மொத்தச் செலவு சுமார் 60,000 டொலர். குப்ரிக்கின் அந்த ஒரு சக்கரத்துக்கான பணத்தில் 'டார்க் ஸ்டார்' போலப் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். விண்வெளி உடையின் மார்பில் கருவிபோல் தெரிவது, குழிகள் கொண்ட கேக் தட்டு. கட்டுப்பாட்டு மேசையில் ஒளிரும் பொத்தான்கள், அடியில் விளக்கு வைத்த ஐஸ் கட்டித் தட்டுகள். கலத்தில் வளரும் வேற்றுக்கிரகப் பிராணி, கடற்கரையில் உதைத்து விளையாடும் பெரிய பந்து. குசினியைத் திறந்தால் விண்கலத்தின் பாதி அங்கே இருக்கிறது.

கருமை மட்டும் எல்லோருக்கும் இலவசம். 'நட்சத்திரங்கள் எங்கே?' என்று யாராவது கேட்டால் இயக்குநர் தைரியமாகப் பதில் சொல்லலாம். சந்திரனில் அப்பலோ வீரர்கள் எடுத்த படங்களிலும் வானம் வெறுங் கருமைதான். வெயிலில் பளிச்சென்றிருக்கும் தரைக்கும் உடைக்கும் ஏற்றபடி கமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். மங்கிய நட்சத்திர ஒளி அதில் பதியாது. இரவுச் சந்தையின் பெரிய மின்விளக்குகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், அங்கேயும் ஒரு நட்சத்திரமும் தெரியாது. ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போதும். இந்த இடத்தில் மலிவானதும் மெய்யானதும் ஒன்று.

அடுத்த வியப்பை உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே செய்து பார்க்கலாம். திரைப்படம் செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். படச்சட்டம் என்பது அசையாத ஒரு தனிப் படம். அவை அடுத்தடுத்து ஓடும்போதுதான் அசைவு பிறக்கிறது. தொலைபேசியைச் செக்கனுக்கு 60 படச்சட்டங்களில் வைத்து, ஒரு பிடி மணலை மேலே எறிந்து படமெடுங்கள். அதை 24இல் ஓட்டினால் எல்லாம் இரண்டரை மடங்கு மெதுவாகும். சந்திரனின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே ஒரு மீற்றர் உயரத்தில் இருந்து விழும் பொருளுக்குத் தரையைத் தொட 1.1 செக்கன் வேண்டும், இங்கே 0.45 செக்கன் போதும். இந்த இரண்டுக்கும் இடையிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு! ஆக, உங்கள் மொட்டைமாடியில் விழும் மணல் திரையில் சந்திரனில் விழும் மணலாகிவிடும்.

சிற்றுருவங்களுக்கும் இதே கணக்குத்தான். சிற்றுருவம் என்பது பெரிய பொருளின் அளவு குறைத்த மாதிரி. பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த பொம்மை வண்டியைச் சாதாரண வேகத்தில் எடுத்தால், அது துள்ளுவதிலேயே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். பதினாறின் வர்க்கமூலம் நான்கு. அதனால் நான்கு மடங்கு வேகத்தில், செக்கனுக்கு 96 படச்சட்டங்களாக எடுத்தால், பொம்மைக்கு லொறியின் கனம் வந்துவிடும். கனத்தை நம் கண் எடையால் அறிவதில்லை, விழும் நேரத்தால் அறிகிறது.

டங்கன் ஜோன்ஸின் 'மூன்' இந்தச் சிற்றுருவக் கலையை மீண்டும் கையில் எடுத்தது. 2009இல் வெளியான அந்தப் படத்தின் செலவு சுமார் 50 இலட்சம் டொலர், படப்பிடிப்பு 33 நாட்கள். சந்திரனின் மறுபக்கத்தில் சுரங்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் தனி மனிதனாக சாம் ரொக்வெல். துணைக்கு கேர்ட்டி என்ற ரோபோ. அதற்கு முகமே இல்லை. சிறிய திரையொன்றில் வட்ட முகக் குறி ஒன்று சிரிக்கும், வாடும், கண்ணீர் விடும். அந்தச் சில கோடுகளை வைத்தே அதற்கு மனம் இருப்பதாக நம்பிவிடுகிறோம். மீதி உணர்ச்சியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். படத்தின் மிக விலைகூடிய கருவி, பார்ப்பவரின் மண்டைக்குள் இருக்கிறது.

எதிர்கால நகரம் ஒன்று வேண்டுமா? அந்திரெய் தார்க்கோவ்ஸ்கி தம் 'சொலாரிஸ்' படத்துக்கு அதைக் கட்டவே இல்லை. 1972இல் வெளியான அந்தப் படத்தில், டோக்கியோவின் மேம்பாலச் சாலைகளில் கார் ஓடுவதைச் சில நிமிடங்கள் நீட்டிக் காட்டினார். சுரங்கப்பாதைகள், வளைவுகள், விளக்குக் கோடுகள். பார்ப்பவருக்கு அது நாளைய நகரம். எங்கள் ஊரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இல் திறந்தது, புதிய களனிப் பாலம் 2021இல். இரவில் அந்த வளைவுகளில் வாகன விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், இங்கேயும் ஒரு 'சொலாரிஸ்' எடுக்கலாமே என்று தோன்றும்.

இத்தனையும் வெளித்தோற்றம். இனித்தான் உள்ளே வரவேண்டும். தனிமை என்பது தூரமா? சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீற்றரில் சுற்றுகிறது. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி போகும் தூரம்தான். பஸ் மேல்நோக்கி ஓடினால் ஒரே இரவில் போய்ச் சேரலாம். ஆனால் 1971இல், அப்பலோ 15 பயணத்தில் கலத்துக்குள் தனித்திருந்த அல்பிரட் வோர்டன், மிக அருகில் இருந்த மனிதர்களிடமிருந்தே சுமார் 3,600 கிலோமீற்றர் விலகிச் சந்திரனைச் சுற்றினார். அந்தத் தனிமை தமக்குப் பிடித்திருந்ததாகவே பின்னாளில் சொன்னார். ஆக, தூரம் மட்டும் மனிதனைத் தனியாக்குவதில்லை.

அப்படியானால் எது? மொஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேர் பூட்டிய கூடமொன்றில் 520 நாட்கள் வாழ்ந்தார்கள். 'மார்ஸ்-500' என்ற இந்தச் சோதனை, செவ்வாய்க்குப் போய்வரும் பயணத்தைத் தரையிலேயே நடித்துப் பார்த்தது. ஓர் அடிகூட மேலே போகாமலே மாற்றங்கள் தொடங்கின. நாள் போகப் போக அவர்கள் நடமாடுவது குறைந்தது, படுத்திருப்பது கூடியது. ஒருவருடைய உடல் கடிகாரம் நாளொன்றை 25 மணித்தியாலமாக நீட்டிக்கொண்டது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால், பன்னிரண்டாம் நாள் மற்றவர்களின் பகல் உங்களுக்கு இரவு. மற்ற ஐந்து பேரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே அவர் வேறொரு நேரவலயத்தில் தனியே வாழ்ந்தார்.

இதை எந்தச் சக்கரம் கட்டிக் காட்ட முடியும்? இங்கேதான் 'கார்கோ' ஜெயிக்கிறது. பிரஹஸ்தனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே வேலை. வந்தவர்களை இருத்துவது, சீராக்குவது, அனுப்புவது. வந்தவர்களில் சிலர், ஒரு தடவை வீட்டுக்குப் பேச முடியுமா என்று தவிக்கிறார்கள். அவன் கை பழக்கத்தில் இயங்கிக்கொண்டே இருக்கிறது. யுவிஷ்கா உள்ளே வந்ததும் அவன் படும் சங்கடத்தைப் பாருங்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் தனியே இருந்தவனுக்கு, பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்பதே பெரிய சம்பவம். விக்ராந்த் மாசி அதைச் சற்று விறைத்த தோள்களாலும் தாமதித்து வரும் பதில்களாலும் காட்டிவிடுகிறார். மொஸ்கோவில் கருவிகள் அளந்ததை இங்கே ஒரு நடிகரின் உடல் சொல்கிறது.

அந்தப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு மறுபடி வருகிறேன். முடக்க நாட்களில் எதிர்வீட்டு அக்கா தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பார். எப்போதும் ஒரே கேள்வி. "தம்பி, சாப்பிட்டாச்சா?" நான் "ஓம் அக்கா" என்பேன். அவ்வளவுதான் உரையாடல். இதே கேள்வியைச் சந்திரனில் இருப்பவரிடம் கேட்டால் பதில் வர இரண்டரைச் செக்கனுக்கு மேலாகும். ஒளிக்கு ஒரு பக்கம் போகவே 1.3 செக்கன் வேண்டும். செவ்வாய் மிகத் தொலைவில் இருக்கும் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம். கேள்வி போய்ப் பதில் திரும்ப 44 நிமிடம். அதற்குள் சோறே வெந்துவிடும். வருங்காலத்தில் செவ்வாய்க்குப் போகிறவருக்கு மூச்சுக்காற்றும் தண்ணீரும் அனுப்பப் பொறியியல் வழி கண்டுவிடும். 'சாப்பிட்டாச்சா' என்பதை உடனே கேட்கும் குரலை அனுப்ப மட்டும் வழியே இல்லை. ஒளியின் வேகம் இடம் கொடுக்காது.

அதனால்தான், பழைய பெட்டியில் மேலதிகாரியின் முகம் தெரியும்போதெல்லாம் நான் பிரஹஸ்தனின் முகத்தைப் பார்த்தேன். பேச்சு வேலையைப் பற்றியதாக இருக்கட்டும், இன்னும் ஒருவர் தன்னை அழைக்கிறார் என்பது அந்த முகத்துக்குப் போதும். இந்தக் காட்சிக்கு ஆகும் செலவு ஓர் அறை, ஒரு பெட்டி, ஒரு முகம். அன்று பேலியகொடையில் என்னிடமும் அவ்வளவுதான் இருந்தது. படத்தைப் பாதியில் நிறுத்தினேன். மணி ஆறாகப் போகிறது. அன்றைக்கு நானே முந்திக்கொண்டு எதிர்வீட்டுக்கு எடுத்தேன்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

ஒரு செக்கன்கூடப் பிந்தாமல் பதில் வந்தது.