ஊமையாகும் ஒலிப்பதிவு

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்பை அறிந்த சமூகத்தில், 2005 ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் தோன்றிற்று. நூல்களோடு முதியோரின் வாய்மொழி வரலாறுகளும் இன்று ஒலிப்பதிவாகப் பேணப்படுகின்றன. இத்தகைய பதிவைக் கைத்தொலைபேசியிற் கேட்பிக்கச் செயலி எழுதும் மாணவன், பொத்தானை அழுத்தியும் குரல் எழாவிடின், பதிவே கெட்டதென்று முடிவு கட்டலாகாது. ஒலி வரும் வழியைப் படிப்படியாக ஆராய்தல் வேண்டும்.

முதலில், அதே கோப்பை அதே தொலைபேசியில் வேறொரு செயலியால் இயக்குக. ஒலித்தால், கோப்பும் ஒலிபெருக்கியும் நலமே. பழுது நிரலில் உள்ளது. ஒலிக்காமற் கணினியில் மட்டும் ஒலித்தால், அக்கோப்பின் வடிவத்தைத் தொலைபேசி அறியாதிருக்கலாம். இரண்டிலும் ஒலிக்காவிடின், நகலெடுக்கையிற் குறை நேர்ந்ததா என்று மூலக்கோப்போடு ஒப்பிடுக.

அடுத்தது, கோப்பின் முகவரி. 2018 இல் வந்த அன்ட்ரொயிட் 9 முதல், அப்பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலிகள், மறையாக்கமற்ற எச்.டி.டி.பி. முகவரியை இயல்பாக ஏற்பதில்லை. எச்.டி.டி.பி.எஸ். முகவரியே தக்கது.

மூன்றாவது, கட்டளைகளின் ஒழுங்கு. அன்ட்ரொயிட்டின் ‘மீடியா பிளேயர்’ என்னும் கருவிக்கு முதலிற் கோப்பைக் காட்டி, பின்பு ஆயத்தம் செய்து, அதன்பின்னரே தொடங்கச் சொல்லுதல் வேண்டும். ஆயத்தமாகுமுன் தொடங்கச் சொன்னால் அது பிழைநிலையை அடையும். ‘இரண்டு செக்கன் பொறுத்துத் தொடங்குக’ என்றெழுதிய நிரல், விரைவான இணைப்புள்ள நகரிலே ஒலிக்கும். இணைப்பு மெதுவானால் நெடுந்தீவிலே ஊமையாகும். காலத்தைக் கணித்துப் பொறுத்திருப்பதை விடுத்து, ‘ஆயத்தம்’ என்று கருவியே அறிவிக்கும்வரை காத்திருக்குமாறு எழுதுவதே முறை.

ஐபோனிலே வேறொரு காரணமும் உண்டு. தொலைபேசி மௌன நிலையில் இருந்தால், இயல்பான அமைப்பிலுள்ள செயலியின் ஒலியும் அடங்கிவிடும். ஒலியைக் கேட்பிப்பதே தன் நோக்கமெனச் செயலி தன் ஒலிப்பிரிவை அறிவித்தல் வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு முறையும் பிழைக்குறிப்பைப் படித்துச் சோதிப்பவர் காரணத்தைத் தெளிவாகக் காண்பர். பேசிய முதியவர் மறைந்திருப்பின், அவர் குரலை மீண்டும் பதிவுசெய்ய இயலாது. ஆகவே நிரலின் பழுதைப் பதிவின் பழுதென்று கருதிக் கோப்பை அழித்துவிடாமலிருப்பதே முதற்கடமையாகும்.