முப்பது நாள் தோப்புக்கரணம் போடப் போகிறீர்களா?

'முப்பது நாள் விடாம செய்யணும். ஒரு நாள்கூட தவறக் கூடாது!' - இப்படி ஒரு சபதத்தோடு உடற்பயிற்சியை ஆரம்பிப்பவர்கள் இப்போது அதிகமாகி விட்டார்கள். அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து பந்தயம் கட்டுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, இன்று எத்தனை போட்டோம் என்று கைபேசியில் கணக்கு அனுப்பிக் கொள்கிறார்கள். நடை, கயிறு தாண்டுவது, தண்டால், பஸ்கி என்று சபதம் பலவகை. அதில் நம் ஊரில் சுலபமாகப் பிடித்துக் கொண்டது தோப்புக்கரணம். காசு செலவில்லை, இடம் வேண்டாம், பிள்ளையார் முன்னால் சின்ன வயதிலேயே பழகியதுதானே!

நல்ல விஷயம்தான். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சபதம் எடுத்த முதல் வாரத்திலேயே தொடையைப் பிடித்துக் கொண்டு வைத்தியசாலைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். 'டாக்டர், மாடிப்படி இறங்க முடியல, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல' என்பார்கள். கேட்டால், ஆறு வருஷமாக ஒரு பயிற்சியும் கிடையாது. முதல் நாளே நூறு தோப்புக்கரணம்! இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டாம் நாளைவிட மூன்றாம் நாள் ஏன் வலிக்கிறது?

பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் அதன் நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கிழிசல்கள் உண்டாகின்றன. அவற்றைச் சரிசெய்ய உடம்பு வேலை ஆரம்பிக்கும்போதுதான் வலியும் இறுக்கமும் வருகிறது. அதனால்தான் பயிற்சி செய்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் ஆரம்பித்து, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்தாறு நாளில் அடங்கிவிடும். 'லாக்டிக் ஆசிட் தங்கிடுச்சு' என்று பலர் காரணம் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து கழிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். தோப்புக்கரணத்தில் எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். ஆனால் தசையை அதிகம் சிராய்ப்பது, உடம்பின் பாரத்தைத் தாங்கிக் கொண்டு மெல்லக் கீழே இறங்குவது. அந்த நேரத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. மலையேறி வந்தவர்களுக்கு ஏறும்போதைவிட இறங்கிய பிறகு தொடை கடுகடுப்பதும் இதனால்தான்.

இந்த வலி வந்தால் பயப்பட வேண்டாம். லேசாக வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றிக் கொண்டு, மெதுவாக நடமாடிக் கொண்டிருந்தால் போதும். போட்டு அழுத்திப் பிசையக் கூடாது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டு சபதத்தைக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. மாத்திரை போட்டுத்தான் செய்ய முடியும் என்றால் அந்தப் பயிற்சி இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

கறுப்புக் காபி நிறத்தில் சிறுநீர்

முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், நாற்காலி வேலை பார்ப்பவர், இளவட்டங்களோடு பந்தயம் கட்டி முதல் நாளே இருநூறு போட்டுவிட்டார். மூன்றாம் நாள் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். 'நல்லா ஒரு தைலம் கொடுங்க டாக்டர், ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்றார். இரண்டு தொடையும் வீங்கி, தொட்டால் கல் மாதிரி இருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். 'காலையிலேர்ந்து டிக்காஷன் கலர்ல போகுது, சூடுன்னு நினைச்சேன்' என்றார்.

நான் தைலம் கொடுக்கவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தசை அளவுக்கு மீறி நொறுங்கினால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது அடைத்துக் கெடுத்துவிடும். நேரம் கடந்தால் சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்து, டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். தசை சேதத்தைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சாதாரணமாக 200 யூனிட் சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டியது, இவருக்குப் பல்லாயிரத்தில் நின்றது. குளுகோஸ் பாட்டில், சலைன் ஏற்றி, சில நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள். பிழைத்துக் கொண்டார். இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால்?

அதனால் இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பயிற்சி செய்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வலி தாங்க முடியாமல் இருந்து, தசை வீங்கி, கால் வலுவிழந்து, சிறுநீர் கறுத்துப் போனால் அது தைலத்துக்கான வலி அல்ல. சித்த மருத்துவமா, அலோபதியா என்ற விவாதமும் அப்போது வேண்டாம். கடும் வெயிலில், தண்ணீர் குடிக்காமல், காய்ச்சலோடு செய்தால் இந்த ஆபத்து கூடுகிறது. கொலஸ்டிராலுக்கு ஸ்டாடின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பதினான்கில் மூன்று

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் எல்லாம் அதில் வருவது பலருக்குத் தெரிந்திருக்கும். அதே பட்டியலில் தாகம், சுவாசம், இளைப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றன. உழைப்பால் வரும் களைப்பும் மூச்சு வாங்குதலும்தான் இளைப்பு. 'இன்னும் இருபதுதான் பாக்கி' என்று பல்லைக் கடித்துக் கொண்டு, மூச்சை அடக்கி, தண்ணீரும் குடிக்காமல் எண்ணிக்கையை முடிக்கிறோமே, ஒரே நேரத்தில் மூன்று வேகங்களை அடக்குகிறோம்! மூச்சைப் பிடித்துக் கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும் என்று இன்றைய உடலியலும் சொல்கிறது. பழைய பட்டியலை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

எப்படிப் போடுவது?

கால்களைத் தோள் அகலத்துக்கு விலக்கி நில்லுங்கள். இடது கையால் வலது காதையும், அதன் மேல் குறுக்காக வலது கையால் இடது காதையும் பிடித்துக் கொள்ளுங்கள். மூச்சை இழுத்துக் கொண்டே இறங்கி, விட்டுக் கொண்டே எழுந்திருக்க வேண்டும். குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயக் கூடாது. முழுசாக உட்கார முடியாதவர்கள் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, அதில் பிருஷ்டம் லேசாகப் படும் வரை இறங்கி எழுந்தால் போதும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த அரைத் தோப்புக்கரணம்தான் சரி. காதைப் பிடிப்பதால் மூளை கூர்மையாகும் என்று சொல்வதை நான் பெரிதுபடுத்துவதில்லை. தொடையும் இடுப்பும் பலமாகிறதே, அதுவே பெரிய லாபம்!

எண்ணிக்கைக்கு வருவோம். முதல் நாள் 50, முப்பதாம் நாள் 250 என்று ஏறும் ஓர் அட்டவணை ரொம்பப் பிரபலம். இருபது வயது விளையாட்டுப் பையனுக்கு அது சரிப்படலாம். நாற்பது வயதில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதை மறந்துவிடுங்கள். முதல் வாரம் எட்டு அல்லது பத்து, சற்று ஓய்வெடுத்து இன்னொரு பத்து. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். மாதக் கடைசியில் இருபது இருபதாக மூன்று சுற்று வந்தால் தாராளம்.

'அப்ப தினமும் செய்யறதுன்னு எடுத்த சபதம் என்னாகிறது டாக்டர்?' என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நடை இருக்கிறது. தோப்புக்கரணம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடை தினமும். தேரையர் தம் பிணியணுகா விதியில் உண்டபின் குறுநடை கொள்ளச் சொல்கிறார். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால், இயங்கும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை நேராக உறிஞ்சிக் கொள்கிறது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. அந்தப் பத்தாயிரம், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு! உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல்.

எண்ணெய்க் குளியல் நாளில் தோப்புக்கரணம் வேண்டாம். தேரையர் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்குச் சொல்லியிருக்கிறார். நமக்கு வாரம் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அந்த நாளை ஓய்வு நாளாக வைத்துக் கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் காலமும் முக்கியம். முன்பனிக் காலமான மார்கழி, தை மாதங்கள் உடம்பு வேலை தாங்கும் காலம். கத்தரி வெயிலில் சபதம் எடுப்பதாக இருந்தால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் மோர், நீராகாரம் குடியுங்கள்.

யார் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்?

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கர்ப்பம், அண்மையில் சிசேரியன் அல்லது வேறு அறுவை சிகிச்சை, அடியிறக்கம், குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தோப்புக்கரணத்தில் இறங்க வேண்டாம். சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் அப்படியே. முக்கிச் செய்யும் பயிற்சி அவர்களுக்கு ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை தாழ்ந்து போகலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே குளுகோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். செய்து கொண்டிருக்கும்போது நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கையில் வலி, தலைசுற்றல் வந்தால், நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'வாயு' என்று பெருங்காயம் தேடக் கூடாது.

தினமும் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். வாதம், பித்தம், கபம் பார்க்கத்தான் வைத்தியர் வேண்டும். எண்ணிக்கைக்கு கடிகாரம் போதும். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்று உடம்பு களைப்பிலிருந்து மீளவில்லை. நடையோடு நிறுத்துங்கள். (அட்டினலால், மெட்டபுரலால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரை துடிப்பைக் கட்டி வைத்திருக்கும்.)

ஒரு மாதத்தில் என்ன கிடைக்கும்?

எடை பெரிதாகக் குறையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை மணி நேர வேக நடைக்கு ஏறக்குறைய 150 கலோரி செலவாகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி. முப்பது நாளும் நடந்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நடந்து முடித்துவிட்டு இரண்டு மெதுவடை, ஒரு காபி சாப்பிட்டால் அதுவும் இல்லை! ஆனால் மாடியேறும்போது மூச்சு வாங்குவது குறையும், தூக்கம் நன்றாக வரும், தொடைக்குப் பலம் வரும். முதல் சில வாரங்களில் வரும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர அதற்கு மேலும் பல வாரங்கள் ஆகும். அதற்கு உளுந்தங்களி, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம் சேர வேண்டும். பெயர் தெரியாத புரதப் பவுடரும், யாரோ கொடுத்த பஸ்பமும் வேண்டாம்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் விசேஷம், குழந்தைக்குக் காய்ச்சல், மாதவிலக்கில் அசதி - தவறத்தான் செய்யும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி, 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்! இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. நம் மருந்துகளுக்கு ஒரு மண்டலம், 48 நாள், என்று கணக்கு வைக்கிறோம். அதையே பயிற்சிக்கும் வைத்துக் கொள்ளலாம் என்பது என் யோசனை.

முப்பத்தோராம் நாளில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. 'உடம்பு லேசாயிடுச்சு' என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனை செய்து, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். ஹெச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாத சராசரியைக் காட்டுவது. ஒரு மாதம் முடிந்ததும் எடுத்தால் நீங்கள் பட்ட பாடு அதில் முழுதாகத் தெரியாது. நடையைத் தொடர்ந்துகொண்டே, இன்னும் இரண்டு மாதம் கழித்து எடுங்கள்.