நியூஸ் ரீல் ஓசி இல்லீங்க... டிக்கெட் வசூலில் 1 சதவீதம் போனது!

திருச்சி:
மெயின்கார்டுகேட் கெயிட்டியிலும் ஸ்ரீரங்கம் கொட்டகையிலும் அந்தக் காலத்தில் படம் பார்த்த பெரியவர்களுக்கு கறுப்பு வெள்ளை நியூஸ் ரீல் மறந்திருக்காது. அணை திறப்பு, வடக்கே வெள்ளம், மந்திரிக்கு மாலை என்று ஓடும். "மெயின் படத்தை போடுப்பா" என்று தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். பாதி பேர் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள்.

அரசாங்கம் சும்மா காட்டிய படம் என்றுதான் பலரும் இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு வாடகை இருந்தது. தியேட்டர்காரர் தன் நிகர வசூலில் 1 சதவீதம் வரை மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்கு கட்ட வேண்டியிருந்தது. வரி போக 1,000 ரூபாய் தேறினால் 10 ரூபாய் அங்கே போகும். விசில் அடித்தவர் காசும் அதில் சேர்த்திதான்!

வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு

இந்த கட்டாயம் 1943ல் வந்தது. உலகப்போர் நேரத்தில் பிரிட்டிஷ் அரசு எடுத்த பிரசார படங்களை தியேட்டர்கள் போட்டே ஆகவேண்டும் என்றார்கள். போர் முடிந்ததும் 1946ல் அந்த பிரிவை மூடிவிட்டார்கள். சுதந்திரம் வந்தபோது அதை படம் பிடிக்க அரசிடம் சொந்த யூனிட்டே இல்லை.

பிறகு 1948ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. வெள்ளைக்காரன் போனாலும் கட்டாயம் போகவில்லை.

செலவு எதில்?

கேமராமேன், எடிட்டர், சவுண்டு ஆள், மொழிபெயர்ப்பாளர், பின்னணி குரல் கொடுப்பவர் என்று பெரிய பட்டாளமே சம்பளத்தில் இருந்தது. சில படங்களை வெளி ஆட்களுக்கும் கொடுத்தார்கள். படம் எடுப்பதோடு செலவு நிற்காது. தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி பிரிண்ட் போட வேண்டும். ஒரே பிரிண்ட் ஊர் ஊராக சுற்றும். டூரிங் டாக்கீசுக்கு வரும்போது செய்தி ஆறிப்போய் இருக்கும், பிலிமிலும் கோடு விழுந்திருக்கும்.

"எங்க தியேட்டர்ல உங்க படம், அதுக்கு நாங்களே பணமா?" என்று தியேட்டர்காரர்கள் கோர்ட்டுக்கு போனார்கள். 1999ல் சுப்ரீம் கோர்ட்டு அரசு பக்கம் தீர்ப்பு சொன்னது. படம் மக்களுக்கு தகவல் தருகிறது, 1 சதவீதம் அதற்கான வாடகை என்று கூறிவிட்டது. நியாயமோ இல்லையோ, இதெல்லாம் டிக்கெட் கவுண்டரில் நிற்பவருக்கு யாரும் சொன்னதில்லை.

2012 அக்டோபர் 2 முதல் இன்னொரு கட்டாயம் வந்தது. புகையிலை காட்சி உள்ள படமென்றால் தொடக்கத்திலும் நடுவிலும் தலா 30 வினாடி எச்சரிக்கை படம் ஓட வேண்டும்.

ஊழியர்கள் கதி?

பிலிம்ஸ் டிவிஷனை தேசிய திரைப்பட வளர்ச்சி கழகத்துடன் (என்.எப்.டி.சி.) இணைக்க 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. ஒருவரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று அப்போது உறுதி சொன்னார்கள். 2022 மார்ச்சில் குறும்படம் எடுக்கும் பொறுப்பும் அந்த கழகத்துக்கு மாறியது.

அதற்குள் பிலிம்ஸ் டிவிஷன் 8 ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்து முடித்திருந்தது. அவற்றில் பலவற்றை இப்போது யூடியூபில் பார்க்கலாம்.